தோட்டப்புற நகரத்திலிருந்து பயன்பாட்டுப் புள்ளியியல் பட்டப்படிப்பு: ஆயத்தமாவதும் படிப்பதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ முடித்த மாணவர்களுக்கு, தரவைத் திரட்டி ஆராய்ந்து முடிவு சொல்லும் துறையான பயன்பாட்டுப் புள்ளியியல் என்பது, பல்கலைக்கழக விண்ணப்பப் பட்டியலில் கீழே கிடக்கும் ஒரு பெயராகத்தான் பெரும்பாலும் அறிமுகமாகிறது. மருத்துவம், பொறியியல், கணக்கியல் ஆகியவற்றை எழுதி முடித்த பிறகு, மீதமிருக்கும் இடத்தை நிரப்புவதற்காக அதையும் எழுதி வைக்கிறார்கள். இடம் கிடைத்துவிட்டால், அங்கே என்ன சொல்லித் தருவார்கள் என்றே தெரியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். இந்தத் துறையை அறிந்து, விரும்பி, பட்டியலின் முதலிடத்தில் எழுத வேண்டியவர்கள் நம் பிள்ளைகளில் பலர் இருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்காகவும், அவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பார்க்கும் பெற்றோருக்காகவும், எப்படி ஆயத்தமாவது, சேர்ந்த பிறகு எப்படிப் படிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இத்துறையில் தேறுகிறவர் சூத்திரத்தை வேகமாகப் போடுகிறவர் அல்லர். கைக்கு வந்த எண் எங்கே, யாரால், எந்த வரையறையின்படி எடுக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை கணக்கைத் தொடங்காதவரே தேறுகிறார். நம் நாட்டு வறுமை விகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டுக்கான விகிதம் முதலில் 0.4 விழுக்காடு என்று வெளியிடப்பட்டது. அப்போது வறுமைக்கோட்டு வருமானம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். அந்தக் கோடு நடைமுறை வாழ்க்கைக்குப் பொருந்தாத அளவுக்குத் தாழ்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் கணக்கிடும் முறை திருத்தப்பட்டு, கோடு 2,208 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. புதிய முறையில் பார்த்தால் அதே 2016ஆம் ஆண்டின் விகிதம் 7.6 விழுக்காடு, 2019ஆம் ஆண்டுக்கு 5.6 விழுக்காடு. எந்தக் குடும்பத்தின் வருமானமும் இதற்கிடையில் பின்னோக்கிப் போய் மாறிவிடவில்லை. வரையறை மாறியதால் 0.4 என்பது 7.6 ஆயிற்று. பழைய முறையின் 0.4ஐயும் புதிய முறையின் 5.6ஐயும் ஒரே வரைபடத்தில் இணைத்து, மூன்றே ஆண்டுகளில் வறுமை பன்மடங்கு பெருகிவிட்டது என்று எழுதும் மாணவர் கூட்டல் கழித்தலில் தவறு செய்யவில்லை. ஆனாலும் அவர் எழுதியது பொய்யாகிவிடும். பட்டப்படிப்பின் எல்லா ஆண்டுகளும் ஒரு வகையில் இந்தப் பொய்யை எழுதாமல் இருப்பதற்கான பயிற்சிதான்.

பள்ளியிலேயே செய்ய வேண்டியவை

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு நிலையில் கூடுதல் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். தோட்டப்புறப் பள்ளிகளில் இப்பாடம் கடினம் என்று பயமுறுத்தப்பட்டு, நல்ல மாணவர்கள்கூட நான்காம் படிவத்திலேயே வேறு பாடத்தொகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு புள்ளியியல் பட்டப்படிப்புக்குத் திரும்பி வருவது மிகவும் சிரமம். வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் இல்லாமல் இத்துறையில் ஓரடி எடுத்து வைக்க முடியாது: ஒரு பரவலின் வளைவுக்குக் கீழுள்ள பரப்பே நிகழ்தகவு என்பதால் தொகையிடத் தெரிந்திருக்க வேண்டும், தரவுக்கு மிகவும் பொருந்தும் மதிப்பைக் கண்டுபிடிக்க வகையீட்டைப் பூச்சியத்துக்குச் சமமாக்க வேண்டியிருக்கும்.

ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதுகிறவர்கள் கணிதம் டி பாடத்தின் மூன்று தவணைகளையும் (செமஸ்டர்களையும்) ஒரே அக்கறையோடு படிக்க வேண்டும். முதல் தவணை இயற்கணிதமும் வடிவியலும், இரண்டாவது நுண்கணிதம், மூன்றாவது புள்ளியியல். மூன்றாம் தவணையில் வரும் நிகழ்தகவு, மாதிரியெடுப்பு, மதிப்பிடல், கருதுகோள் சோதனை, கை-வர்க்கச் (chi-square) சோதனை ஆகியவைதாம் பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் இன்னும் ஆழமாகத் திரும்பி வரும். தேர்வு முடிந்ததும் அந்தத் தவணையின் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணையில் படித்த அணிகளும் வீண்போகா. ஓர் அளவு மற்ற அளவுகளைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று கணிக்கும் முறையே ரிக்ரெஷன்; பல மாறிகளைக் கொண்ட ரிக்ரெஷன் என்பது முழுக்க முழுக்க அணிக்கணக்கு.

விரிவுரைகளும் பாடநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பிறகு ஆங்கிலத்துக்குப் போகும் நம் மாணவர்களுக்கு இது உண்மையான சுமை. பல்கலைக்கழக நுழைவுக்கான முயெட் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே, ஒரு வரைபடத்தைப் பார்த்து அதில் என்ன தெரிகிறது என்று ஒரு பத்தி ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். புள்ளியியல் மாணவரின் எழுத்துவேலையில் பாதி அதுதான்.

எங்கே விண்ணப்பிப்பது, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுப் புள்ளியியல் என்ற பெயரிலேயே படிப்பு உண்டு. பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகம் ஆகியவை புள்ளியியலைத் தனிப் பட்டப்படிப்பாக நடத்துகின்றன. சிந்தோக்கில் உள்ள உத்தாரா பல்கலைக்கழகமும் ஜோகூரில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் தொழிற்சாலைப் புள்ளியியலை வழங்குகின்றன. பேராக்கிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு, கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் புள்ளியியல் கணிமையையும் செயற்பாட்டு ஆய்வையும் இணைத்து நடத்தும் படிப்பு இருக்கிறது. அது தனியார் பல்கலைக்கழகம் என்பதால் அதற்கு விண்ணப்பமும் கட்டணமும் தனி. படிப்புகளின் பெயரும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அண்ணனோ அக்காளோ சேர்ந்த ஆண்டின் விவரத்தை நம்பாமல், அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியு தளத்தில் நடப்பாண்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

பெயரைவிடப் பாடப்பட்டியலே முக்கியம். மாதிரியெடுப்பு முறைகள், சோதனை வடிவமைப்பு, ரிக்ரெஷன், காலத்தொடர், பல்மாறிப் பகுப்பாய்வு ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் இரண்டும் தரவு எப்படி எடுக்கப்பட வேண்டும் என்று கற்பிப்பவை. மற்றவை எடுத்த தரவை என்ன செய்வது என்று கற்பிப்பவை. தரவு அறிவியல் என்ற பெயரில் வரும் சில படிப்புகளில் முதல் இரண்டும் மெலிந்து, மென்பொருளே மிகுந்திருக்கும். அத்தகைய படிப்பில் சேர்வது குற்றமில்லை. ஆனால் அந்த இரண்டு பாடங்களையும் விருப்பப்பாடமாகவாவது எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிற்பயிற்சி எத்தனை மாதம், இறுதியாண்டு ஆய்வு கட்டாயமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணத்தைவிட விடுதி, சாப்பாடு, மடிக்கணினி ஆகிய செலவுகளே பெரும்பாலான குடும்பங்களை நெருக்கும். அரசாங்கத்தின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும். இடம் கிடைத்த பிறகு அலையாமல் முன்கூட்டியே திறந்துவிடுங்கள். கடன் பணம் படிப்பின் முதல் தவணை தொடங்கும்போதே கைக்கு வந்துவிடும் என்று எண்ணிக் கிளம்பக் கூடாது. முதல் சில வாரங்களுக்கான செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

“இதைப் படித்தால் என்ன வேலை?” என்று கேட்கும் பெற்றோரின் கேள்வி நியாயமானது. நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் விலைவாசிக் குறியீட்டையும் நடத்தும் புள்ளிவிவரத் துறை, வங்கிகளில் கடன் இடரைக் கணிக்கும் பிரிவுகள், காப்பீட்டு நிறுவனங்கள், மருந்துச் சோதனைகளை நடத்தும் ஆய்வு மையங்கள், செம்பனை ஆராய்ச்சி நிலையங்கள் ஆகியவை இப்பட்டதாரிகளை எடுக்கின்றன. பினாங்கு பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இயந்திரத்தின் பக்கத்தில் மேலும் கீழும் எல்லைக்கோடு போட்டுத் தொங்கும் கட்டுப்பாட்டு வரைபடம் 1924இல் வால்டர் ஷூஹார்ட் உருவாக்கியது. அதில் புள்ளி வைக்கும் வேலையிலிருந்து அந்தக் கோடு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலைக்குப் போவதற்கான வழிகளில் ஒன்று இந்தப் பட்டம்.

முதலாண்டைக் கடப்பது

முதலாண்டில் புள்ளியியல் குறைவாகவும் தூய கணிதம் மிகுதியாகவும் இருப்பதைக் கண்டு மனம் தளர்ந்து படிப்பை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டாமாண்டின் கணிதப் புள்ளியியலைத் தாங்குவதற்காகத்தான் அந்தக் கணிதம் முன்னே வைக்கப்படுகிறது. நிரூபணங்களைப் படிக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டுக் கையால் எழுதிப் பாருங்கள். எந்த வரியில் கை நிற்கிறதோ அந்த வரிதான் புரியாத வரி. பயிற்சிக் கணக்குகளுக்கு விடைத்தாள் வருவதற்கு முன்பே முயன்று பார்த்துவிட வேண்டும். உடன் படிக்கும் தமிழ் மாணவர்கள் இருந்தால், வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, அந்த வாரத்துப் பாடத்தைச் சூத்திரம் எழுதாமல் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டுங்கள். நியமவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) என்றால் என்ன என்று வாயால் சொல்ல முடியாதவருக்கு அது இன்னும் பிடிபடவில்லை என்றே பொருள்.

சராசரி, இடைநிலை ஆகிய எளிய அளவைகளையும் அலட்சியப்படுத்தக் கூடாது. 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட். இடைநிலை வருமானம், அதாவது குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 6,338 ரிங்கிட். இரண்டுக்கும் இடையே 2,000 ரிங்கிட்டுக்கு மேல் இடைவெளி இருப்பது ஏன்? பத்து வீடுகள் கொண்ட ஒரு வரிசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்பது வீடுகளில் மாதம் 3,000 ரிங்கிட், பத்தாவது வீட்டில் 30,000 ரிங்கிட் வந்தால், சராசரி 5,700, இடைநிலை 3,000. அந்தச் சராசரித் தொகையை வாங்கும் வீடு அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை. எந்த அளவையைச் சொல்கிறோம் என்பதில் யாருடைய வாழ்க்கையைச் சொல்கிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது.

செம்பனைக் காட்டில் மாதிரியெடுப்பு

மாதிரியெடுப்புப் பாடத்துக்கு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசலிலேயே ஆய்வுக்கூடம் இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் அடுத்த நான்கு மாத விளைச்சலைக் கணிக்க, மரத்தில் இருக்கும் பழுக்காத கறுப்புக் குலைகளை எண்ணும் வழக்கம் உண்டு. எல்லா மரத்தையும் எண்ண முடியாது. சில மரங்களை எண்ணி முழுக் காட்டையும் மதிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கை ஒரு முறை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

40 ஹெக்டர் காட்டில் ஹெக்டருக்கு 136 மரம் என்றால் மொத்தம் 5,440 மரங்கள். பத்து வரிசைக்கு ஒரு வரிசை, அதில் பத்து மரத்துக்கு ஒரு மரம் என்று போனால் ஏறத்தாழ 54 மரங்கள் அகப்படும். அவற்றில் மரத்துக்குச் சராசரி 3.2 கறுப்புக் குலை, நியமவிலக்கம் 1.6 என்று வைத்துக்கொள்வோம். சராசரியின் நியமப்பிழை, அதாவது வேறு மரங்கள் அகப்பட்டிருந்தால் அந்தச் சராசரி எவ்வளவு மாறியிருக்கும் என்பதன் அளவு, 1.6ஐ 54இன் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும் 0.22. ஆகவே உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லையைச் சொல்லும் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 2.77 முதல் 3.63 வரை. மொத்தக் குலைகள் 17,408 என்ற ஒற்றை எண்ணுக்குப் பின்னால் 15,069 முதல் 19,747 வரையிலான அகலம் இருக்கிறது. குலை ஒன்றின் எடையைச் சராசரியாக 18 கிலோ என்று கொண்டால், 313 டன் என்ற கணிப்பு உண்மையில் 271 டன்னிலிருந்து 355 டன்வரை எங்கும் விழலாம். இந்த அகலத்தைப் பாதியாக்க வேண்டுமானால் மரங்களை இரு மடங்காக்கினால் போதாது. நான்கு மடங்காக்க வேண்டும், ஏனென்றால் பிழை மாதிரியின் அளவோடு நேராகக் குறைவதில்லை, அதன் வர்க்கமூலத்தோடுதான் குறைகிறது.

தேர்வுத்தாளில் விடை இங்கே முடிந்துவிடும். காட்டிலோ இனிமேல்தான் தொடங்குகிறது. முதல் வரிசை சாலையோரமாக அமைந்துவிட்டால், அங்குள்ள மரங்களுக்கு வெளிச்சம் அதிகம். அவை மற்ற மரங்களைப் போன்றவை அல்ல. ஆகவே தொடங்கும் வரிசையை ஒன்றிலிருந்து பத்துக்குள் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். காட்டில் பாதி மேட்டிலும் பாதி பள்ளத்திலும் இருந்தால் இரண்டையும் தனித்தனி அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனியே மாதிரி எடுப்பது நல்லது. உயர்ந்த மரங்களில் மட்டைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் குலையைக் கீழே நின்று எண்ணுகிறவர் தவறவிடுவார்; அவர் ஒரே பக்கம் நின்று எண்ணினால் இன்னும் அதிகமாகத் தவறவிடுவார். இப்படித் தவறவிட்ட குலைகள் எந்த நியமப்பிழைச் சூத்திரத்திலும் வாரா. 5,440 மரங்களையும் அதே முறையில் எண்ணினாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும். மாதிரியால் வரும் பிழையைச் சூத்திரம் சொல்லும். எண்ணுவதால் வரும் பிழையைக் கூடவே நடந்து போனவர்தான் சொல்ல முடியும். ஆகவே விடுமுறையில் ஊருக்கு வரும்போது, தோட்டத்து நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, எண்ணுகிறவர்களோடு ஒரு காலைப்பொழுதாவது நடந்து பாருங்கள். ஒரே மரத்தை இருவர் தனித்தனியே எண்ணி, இரு எண்ணிக்கைகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று குறித்துக்கொண்டால், அது அளவீட்டுப் பிழையைப் பற்றிய நல்ல சிற்றாய்வாகிவிடும்.

பால்மரத் (ரப்பர்) தோட்டத்துப் பதிவேடும் இவ்வாறே. ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் ஒரு நாள் கட்டத்தில் பூச்சியம் இருந்தால் அதற்குக் குறைந்தது மூன்று பொருள் இருக்கலாம். அவர் பெரட்டுக்கே (காலை ஆள்கணக்குக்கே) வராமல் இருந்திருக்கலாம். காலை மழையால் அன்று வெட்டே இல்லாமல் போயிருக்கலாம். அல்லது வெட்டிய பிறகு மழை வந்து மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) இருந்த பாலைக் கரைத்துக்கொண்டு போயிருக்கலாம். பதிவேட்டை எழுதும் கிராணி (எழுத்தர்) கோடு போட்டாரா, வெறுமையாக விட்டாரா, பூச்சியம் எழுதினாரா என்பதைப் பார்த்தால்தான் தெரியும். சில பதிவேடுகளில் அதைப் பார்த்தும் தெரியாது, அவரைத்தான் கேட்க வேண்டும். இவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் நன்றாக வெட்டுகிறவர்கூடச் சோம்பேறியாகத் தெரிவார். இல்லாத தரவையும் பூச்சியத்தையும் பிரித்துக் குறிக்கும் பழக்கத்தை முதலாண்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறைவதும் அதே பதிவேட்டில் ஆண்டுதோறும் தெரியும். காலத்தொடர்ப் பாடத்தில் பருவ ஏற்றத்தாழ்வு என்று வருவது அதுதான்.

கணினியோடு வேலை செய்வது

விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்களைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தலாம். சொந்த மடிக்கணினியில் புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழியைப் போட்டுக்கொள்ளுங்கள். அது இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் தொடங்கிய அந்த மொழியின் 1.0.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளியானது. இணையத்தொடர்பு மெதுவாக இருக்கும் தோட்டத்து வீட்டிலும், ஒரு முறை பதிவிறக்கிவிட்டால் அதனுள்ளேயே இருக்கும் தரவுத்தொகுப்புகளைக் கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்யலாம்.

அவற்றில் ‘ஸ்லீப்’ என்ற தொகுப்பை முதலில் திறந்து பாருங்கள். கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரையில் பயன்படுத்திய தூக்க நேரத் தரவு அது. இரண்டு மருந்துகளுக்கும் பத்துப் பத்தாக, மொத்தம் இருபதே எண்கள். இரண்டு மருந்துகளும் வெவ்வேறு ஆட்களுக்குத் தரப்பட்டன என்று வைத்துக்கொண்டு இரு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை செய்தால் பி மதிப்பு (அது சிறிதானால் வேறுபாடு உண்டு என்று கொள்வது வழக்கம்; வழக்கமான எல்லை 0.05) 0.079 வரும், வேறுபாடு இருப்பதாகச் சொல்லத் துணிய மாட்டோம். உண்மையில் அதே பத்துப் பேர்தாம் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். அதன்படி எண்களை இணையிணையாகச் சேர்த்துச் சோதித்தால் பி மதிப்பு 0.003க்கும் கீழே இறங்கிவிடும். இருபது எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. அவை எப்படி எடுக்கப்பட்டன என்ற ஒரே தகவல் முடிவைத் திருப்பிவிடுகிறது. கணினி இரண்டு விடைகளையும் ஒரே வேகத்தில் தரும். எது சரி என்று அது சொல்லாது.

வேலைமுறையில் சில கட்டுப்பாடுகளைத் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும். மூலத்தரவுக் கோப்பை ஒருபோதும் திருத்தக் கூடாது. திருத்தங்கள் எல்லாம் நிரலில் எழுதப்பட வேண்டும். எக்செல் கட்டங்களைக் கையால் மாற்றிவிட்டு, ஒரு மாதம் கழித்து எதை மாற்றினோம் என்று தேடும் மாணவரின் ஆய்வை மேற்பார்வையாளர் நம்ப மாட்டார். மாறிகளின் பெயர், அலகு, எடுக்கப்பட்ட நாள், எடுத்தவர் ஆகியவற்றைத் தனிக் குறிப்புக் கோப்பாக வைத்திருங்கள். விளங்காத தேற்றம் வந்தால், அதை நிரலில் ஓட்டிப் பாருங்கள்: சமச்சீரற்ற ஒரு பரவலிலிருந்து ஆயிரம் மாதிரிகளை எடுத்து, அவற்றின் சராசரிகளை வரைந்தால், பெரிய மாதிரிகளின் சராசரிகள் மணிவடிவில் பரவும் என்னும் மைய எல்லைத் தேற்றம் கண்முன்னே மணிவடிவமாக எழும்.

பி மதிப்பைப் பற்றி

இரண்டாமாண்டுக்குப் பிறகு மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவே. பி மதிப்பு 0.03 என்றால் வேறுபாடு இல்லை என்ற கருதுகோள் உண்மையாக இருப்பதற்கு 3 விழுக்காடு வாய்ப்பு என்று எழுதுகிறார்கள், அது தவறு. வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படிப்பட்ட அல்லது இதைவிட விலகிய தரவு வருவதற்கான வாய்ப்பு 3 விழுக்காடு என்பதுதான் அதன் பொருள். இந்தக் குழப்பம் பரவலாக இருப்பதால்தான் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்னொரு ஆபத்து, கையில் இருக்கும் எல்லா மாறிகளையும் சோதித்துப் பார்த்துவிட்டு, தேறியதை, அதாவது பி மதிப்பு எல்லைக்குக் கீழே வந்ததை, மட்டும் எழுதுவது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை 5 விழுக்காட்டு அளவில் செய்தால், உண்மையில் எதிலுமே விளைவு இல்லாவிட்டாலும், குறைந்தது ஒன்றாவது தேறுவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. எத்தனை சோதனைகள் செய்தீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுவது நேர்மை.

சோதனை வடிவமைப்புப் பாடத்தை நம் மாணவர்கள் மற்றவர்களைவிட எளிதாகப் பற்றிக்கொள்ள முடியும், ஏனென்றால் அது வயலில் உருவான பாடம். ரொனால்டு ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, உரச்சோதனைகளுக்காகவே குலுக்கிப் பங்கிடுதல், தொகுதி பிரித்தல், மாறுபாட்டுப் பகுப்பாய்வு ஆகியவற்றை வளர்த்தார். செம்பனைக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். மேட்டையும் பள்ளத்தையும் தனித் தொகுதிகளாக்கி, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். பக்கத்துத் துண்டின் உரத்தை வேர் இழுத்துக்கொள்ளும் என்பதால் நடுவே காவல் வரிசைகளை விட்டு, அவற்றின் விளைச்சலைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். உரத்தின் பலன் குலையில் தெரிய ஆண்டுகள் ஆகும். ஒரே தவணையில் முடிவு கேட்கும் ஆய்வுக்கு இது ஒத்துவராது என்பதையும் வடிவமைக்கும்போதே அறிந்திருக்க வேண்டும்.

இறுதியாண்டு ஆய்வும் தொழிற்பயிற்சியும்

தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது, தரவு உருவாகும் இடத்துக்கு அருகில் இருக்கும் வேலையைக் கேளுங்கள். பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில் மூன்று மாதம் பிறர் எண்களுக்கு வண்ண வரைபடம் போடுவதைவிட, ஓர் ஆலையின் தரப்பரிசோதனைப் பிரிவிலோ மருத்துவமனை ஆய்வுப் பிரிவிலோ படிவத்தை நிரப்பும் ஊழியரின் பக்கத்தில் உட்காருவது அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து.

ஆய்வுக்குப் பொருள் தேடுகிறவர்கள் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் மாதந்தோறும் வெளியிடும் உற்பத்திப் புள்ளிவிவரங்களையும், புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுகளையும் முதலில் பார்க்கலாம். சொந்த ஊர்த் தோட்டத்தின் தரவு வேண்டுமானால் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். மாமாவோ சித்தப்பாவோ அங்கே மண்டோராக (மேற்பார்வையாளராக) இருக்கிறார் என்பதற்காகப் பதிவேட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வரக் கூடாது. அதில் தொழிலாளர்களின் பெயரும் சம்பளமும் இருக்கின்றன, பிறகு கேள்வி வந்தால் அவருடைய வேலைக்கு ஆபத்து. பெயர்களை நீக்கி எண் கொடுத்த பிறகே கணினியில் ஏற்றுங்கள். சிறிய தோட்டத்தில் வயதும் பிரிவும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிட முடியும் என்பதால் அவற்றையும் தொகுத்துத்தான் காட்ட வேண்டும்.

அறிக்கையில் முடிவுகளுக்கு முன்பாக, தரவு எப்படிப் பெறப்பட்டது என்ற அத்தியாயத்தை எழுதுங்கள். அதையே முதலில் எழுதத் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அதை எழுதும்போதுதான் இன்னும் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியவரும். வாய்மொழித் தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பே, முடிவுகளை ஒரே பக்கத்தில், சூத்திரம் இல்லாமல், தமிழிலோ மலாயிலோ எழுதி, தரவைப் பதிவு செய்த கிராணிக்கும் மண்டோருக்கும் படித்துக் காட்டுங்கள். நீங்கள் அபூர்வமான விலகல் என்று விளக்கம் எழுதியிருக்கும் ஒரு மாதம், எடைப்பாலம் பழுதாகி எல்லாவற்றையும் உத்தேசமாக எழுதிய மாதமாக இருக்கலாம். அதை அவர்கள் சொன்னால், அத்தியாயத்தைத் திருத்துவதற்கு உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கும்.